ஸ்பீக்கர் போன 10 வாட் பிராக்டிஸ் ஆம்பை டிஸ்டார்ஷன் பெடலாக்கலாமா?

ஆறாம்தந்தி:
வணக்கம். 10 வாட் கிட்டார் பிராக்டிஸ் ஆம்ப் ஒன்று, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. கெயினைத் திருகினால் வரும் கரகரப்பு நன்றாக இருக்கும், அதை மட்டும் காலால் மிதிக்கிற பெடலாக்கிக் காப்பாற்றப் பார்க்கிறேன். உள்ளே ஒரே போர்டு: 8 கால் 4558 ஐசி இரண்டு (சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப்), ஹீட்சிங்கில் திருகிய டிடிஏ2030 ஒன்று (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் ஐசி), செகண்டரியில் மூன்று ஒயர் வரும் ட்ரான்ஸ்பார்மர். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களை ஒரு ஜாக்கில் சால்டர் செய்து இன்னொரு ஆம்பின் இன்புட்டில் கொடுத்தால் போதுமா? 9 வோல்ட் பெடல் அடாப்டரில் ஓடுமா?

ஈயப்புகை:
ஸ்பீக்கர் ஒயர் வேண்டவே வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கரில் 10 வாட் என்றால் சுமார் 9 வோல்ட். கிட்டார் இன்புட் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் கீழே. இன்னொரு சிக்கலும் உண்டு. பல சின்ன ஆம்புகளில் ஸ்பீக்கரின் மைனஸ் நேராக கிரவுண்டுக்குப் போகாது, நடுவே 1 ஓமுக்கும் குறைந்த ரெசிஸ்டர் ஒன்று ஃபீட்பேக்குக்காக உட்கார்ந்திருக்கும். மைனஸை ஜாக்கின் கிரவுண்டோடு சேர்த்தால் அது ஷார்ட் ஆகிவிடும்.

உங்களுக்கு வேண்டிய சத்தம் பெரும்பாலும் 4558 பக்கம்தான் பிறக்கும். அந்த ஐசியைச் சுற்றி எதிரெதிராக வைத்த இரண்டு டயோடோ எல்இடியோ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கரகரப்பு அங்கேதான், பெடலில் அப்படியே வரும். வால்யூமைத் தூக்கினால்தான் கரகரக்கும் என்றால் அது டிடிஏ2030 திணறுகிற சத்தம், அதைப் பெடலுக்குள் கொண்டுவர முடியாது. ஹெட்போனில் கெயினை முழுதாக, வால்யூமைக் கொஞ்சமாக வைத்துக் கேட்டால் எது என்று புரிந்துவிடும்.

சிக்னலை எடுக்க நல்ல இடம் டிடிஏ2030-ன் 1-ஆம் கால், அதுதான் இன்புட். இந்த ஐசி வழக்கமாக சிக்னலை 30 மடங்கு அளவுக்குப் பெருக்கும். 9 வோல்ட் வெளியே வர, 1-ஆம் காலில் 0.3 வோல்ட் இருந்தாலே போதும். பெடலுக்கு வேண்டிய அளவும் அதுதான்! ஐசியைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக அவுட்புட் ஜாக்குக்கு ஒயர் இழுங்கள். டிசியைத் தடுக்கும் கெபாசிட்டரும், கிரவுண்டுக்குப் போகும் 22 கிலோ ஓம் மாதிரியான ரெசிஸ்டரும் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருக்கும். வால்யூம் நாபும் வழக்கம்போல வேலை செய்யும்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்கள் இரண்டையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால் சார்ஜ் இறக்கி, 1 வோல்ட்டுக்குக் கீழே போனதை மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ட்ரான்ஸ்பார்மரோடு அப்படியே காலடியில் வைக்கலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டு மின்சாரத்தை மிதிக்கிற பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

மைனஸ்ரெயில்:
9 வோல்ட்டில் ஓடும், ஆனால் நேராகக் கொடுத்தால் ஓடாது. இந்த போர்டுகள் பிளஸ், மைனஸ் என இரட்டை சப்ளைக்காகப் போட்டவை. 4558-ன் 8-ஆம் காலில் பிளஸ் 15, 4-ஆம் காலில் மைனஸ் 15 அளவில் இருக்கும், கிரவுண்ட் நடுவில். இரண்டு 10 கிலோ ஓம் போட்டு 4.5 வோல்ட் நடுப்புள்ளி உண்டாக்குவது ஒரு வழி. ஆனால் போர்டில் எந்தெந்த ரெசிஸ்டர் கிரவுண்டைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி, டிராக்கை வெட்டி மாற்ற வேண்டும். தலைவலி.

அதைவிட, 9 வோல்ட்டிலிருந்து மைனஸ் 9 உண்டாக்கும் சார்ஜ் பம்ப் ஐசி ஒன்று போதும். ஐசிஎல்7660 சுமார் 10 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும், கெயின் ஏற்றினால் கீச்சென்று காதில் விழும். அதோடு அதன் உச்சவரம்பு 10.5 வோல்ட். ரெகுலேட் செய்யாத அடாப்டர் லோடு இல்லாதபோது 12 தாண்டினால் ஐசி போச்சு. எல்டி1054 வாங்குங்கள். 25 கிலோ ஹெர்ட்ஸ், 15 வோல்ட் வரை தாங்கும். அதன் 2-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், பிளஸ் 2-ஆம் கால் பக்கம். 3 கிரவுண்ட், 8-இல் பிளஸ் 9, 5-இல் மைனஸ் வெளிவரும். 5-இலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோ ஃபாரட். இந்தக் கெபாசிட்டரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போக வேண்டும். கை பழக்கத்தில் திருப்பி வைத்துவிடுவோம், வீங்கி வெடிக்கும்.

4558-க்குச் சப்ளை வரும் டிராக்கைப் பின்னோக்கிப் பிடித்தால் பிளஸ், மைனஸ் பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டரும் ஒரு ஜெனரும் (வோல்ட் ஏறாமல் பிடித்துவைக்கும் டயோடு) இருக்கும். ரெசிஸ்டர்களை மட்டும் எடுத்துவிட்டு, ஜெனர் பக்கத்து முனையில் புது சப்ளையைக் கொடுங்கள். 15 வோல்ட் ஜெனர் 9-இல் சும்மா இருக்கும். பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை மைனஸ் என்பதால், வேறு அடாப்டரைத் தலைகீழாகக் கொடுத்தாலும் போர்டு பிழைக்க 1என்5817 டயோடு ஒன்றை வரிசையில் போட்டுவிடுங்கள்.

ஷீல்டுஒயர்:
இருவரும் பெட்டியைச் சொல்லவில்லை. அலுமினியப் பெட்டி, அது கிரவுண்டில் இருக்க வேண்டும். இன்புட் ஜாக்கிலிருந்து போர்டு வரை ஷீல்டு ஒயர், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். பெடலை ஆன், ஆஃப் செய்யும் 9 கால் ஃபுட்ஸ்விட்சில் இன்புட் ஒயரும் அவுட்புட் ஒயரும் ஒட்டி ஓடினால் கெயின் ஏற்றும்போது விசில் அடிக்கும். மிதிக்கும்போது டப் சத்தம் வந்தால் போர்டின் இன்புட்டில் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் போடுங்கள்.

பெடலிலும் ஆம்பிலும் டோன் கண்ட்ரோல் இருப்பதால் மிட் (நடுத்தர ஒலி) இரண்டு முறை குறையும், பேண்டோடு வாசிக்கும்போது கிட்டார் காணாமல் போகும். ஆம்பில் மிடிலை ஏற்றி, பாஸைக் குறையுங்கள். நேராக சவுண்டு கார்டில் கொடுத்தால் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும், ஏனென்றால் மேல் சுருதிகளை வெட்டிக்கொண்டிருந்தது ஸ்பீக்கர்தான். அந்த வேலைக்கு மட்டும் அவுட்புட்டில் 4.7 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 6.8 நானோ ஃபாரட். 5 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் இறங்க ஆரம்பிக்கும்.

ஆறாம்தந்தி:
சப்ளை கொடுத்தாயிற்று. 4558-ன் 8-இல் 8.7, 4-இல் மைனஸ் 8.4. ஆனால் முதல் 4558-ன் 1-ஆம் காலில் 7.4 வோல்ட் நிற்கிறது, சத்தமே இல்லை.

மைனஸ்ரெயில்:
1, 7 இரண்டுமே சிக்னல் இல்லாதபோது 0-வை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொண்டால் அந்த ஐசியின் இன்புட்டுக்கு கிரவுண்ட் கிடைக்கவில்லை. ட்ரான்ஸ்பார்மரின் நடு ஒயரைக் கழற்றினீர்கள் அல்லவா? சில போர்டுகளில் ப்ரீஆம்ப் கிரவுண்டும் சப்ளை கிரவுண்டும் சேர்வதே அந்த முனையில்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இன்புட் ஜாக்கின் கிரவுண்டுக்கும் எல்டி1054-ன் 3-ஆம் காலுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 0 காட்டவில்லை என்றால் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுங்கள்.

ஆறாம்தந்தி:
ஓம் மீட்டர் இணைப்பே காட்டவில்லை. ஒயர் போட்டதும் 1-ஆம் காலில் 0.01. கரகரக்கிறது!