62 மாடல் ஸ்ட்ராட்டுக்கு எந்த வெள்ளை வாங்குவது?

ஆறுதந்தி_வெள்ளவத்தை:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஃபெண்டரின் 1962 மாடல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்துச் செய்த ஒரு ஸ்ட்ராட் கொப்பி. பாவித்ததாக வாங்கியது, சன்பர்ஸ்ட் நிறம், சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பிளாஸ்டிக்தான் பிரச்சினை. நடுப் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) கவர் ஒரு மூலையில் உடைந்து உள்ளே கம்பிச் சுருள் தெரிகிறது, வொல்யூம் நொப் அடியில் வெடித்திருக்கிறது, பிக்கப் மாற்றும் சுவிட்சின் பிளாஸ்டிக் நுனி வாங்கும்போதே இல்லை, வெறும் தகட்டைத் தள்ளித் தள்ளி விரல் நோகிறது. இதெல்லாம் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது வெள்ளை இல்லை, லேசாகப் பச்சை அடிக்கிறது. மிச்சக் கவர் இரண்டும் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை.

கொழும்பில் நான் கேட்ட கடைகளில் பளிச்சென்ற வெள்ளையும் கறுப்பும்தான் கிடைக்கிறது. இணையத்தில் பார்த்தால் வைட், ஏஜ்ட் வைட், பார்ச்மென்ட், கிரீம், மின்ட் கிரீன் என்று போகிறது, அதிலும் ஒரே பெயருக்குக் கடைக்குக் கடை வேறு நிறம். உடைந்ததை மட்டும் மாற்றினால் பொருந்துமா, இல்லை பிக்கார்டையும் கழற்றி எல்லாவற்றையும் வெள்ளையாக்கி விடுவதா? வெளியிலிருந்து எடுப்பித்தால் அனுப்பும் கூலி, சுங்கம் என்று சேர்ந்துகொண்டே போகும், அதனால் ஒரே பார்சலில் முடிக்கப் பார்க்கிறேன்.

கொட்டாஞ்சேனை_சோல்டர்:
நிறத்தைப் பிறகு பார்க்கலாம் தம்பி, முதலில் அளவு. வொல்யூம் நொப் ஏன் வெடித்தது என்று யோசித்தீர்களா? நொப்புக்கு அடியில் திரும்பும் பாகம்தான் பொட். அமெரிக்க அளவுப் பொட்டின் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ., நடுவில் பிளந்து சுற்றிவர 24 நுண்ணிய பல் இருக்கும். ஆசியாவில் செய்யும் பொட் பெரும்பாலும் 6 மி.மீ., பல் 18, ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் பருமன். 6 மி.மீ. நொப்பை 6.35 தண்டில் அமத்தி ஏற்றினால் ஏறும்தான், பிறகு அடியிலிருந்து மெதுவாக விரிசல் விடும். முன்பு வைத்திருந்தவர் அதைத்தான் செய்திருப்பார் போல. மற்ற இரண்டு நொப்பையும் கழற்றித் தண்டை வேர்னியரால் அளந்து பாருங்கள். கழற்றும்போது ஸ்க்ரூட்ரைவரால் நெம்ப வேண்டாம், பிக்கார்டில் பள்ளம் விழும். மெல்லிய பருத்தித் துணியை நொப்புக்கு அடியில் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்து நேரே மேலே இழுத்தால் வந்துவிடும்.

சுவிட்ச் நுனியும் அப்படித்தான், அமெரிக்கச் சுவிட்சின் தகடும் மற்றதன் தகடும் ஒரே அளவில்லை. அகலம், தடிப்பு இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு விற்பவரிடம் கேளுங்கள். நுனி கொஞ்சம் லூசாக வந்தால் பசை ஊற்ற வேண்டாம், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைத் தகட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

கவர் வாங்க, பிக்கப்பின் முதல் காந்தத்தின் நடுவிலிருந்து ஆறாவது காந்தத்தின் நடுவரை அளக்க வேண்டும். 52 மி.மீ. உம் இருக்கிறது, 50 உம் இருக்கிறது. சில கிட்டார்களில் பாலத்துப் பக்கத்துப் பிக்கப் மட்டும் 52, மற்ற இரண்டும் 50, ஆகவே ஒன்றை அளந்துவிட்டு மூன்றும் அதே என்று நினைக்க வேண்டாம். கவரைக் கழற்றும்போது கவனம், உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் தடிப்பு சாதாரணமாக 0.06 மி.மீ. அளவுதான். ஸ்க்ரூட்ரைவர் நுனி ஒருதரம் உரசினாலே அந்தப் பிக்கப் ஊமை.

பழைய_ரோஸ்வூட்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. நிறத்துக்கு நான் வருகிறேன்.

பிக்கார்டை மாற்றவே வேண்டாம். அந்தப் பச்சைதான் 62 மாடலின் அடையாளம். ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டை வெளியிட்டபோது பிக்கார்ட் ஒற்றை அடுக்கு வெள்ளை, எட்டுத் திருகாணி. 1959இல் ரோஸ்வூட் ஃபிங்கர்போர்டோடு (விரல் அமத்தும் பலகை) மூன்றடுக்கு செலுலாயிட் என்ற பழைய பிளாஸ்டிக் வந்தது, திருகாணி பதினொன்றானது. வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று அடுக்கிய அந்த செலுலாயிட்தான் வயதாக ஆகப் பச்சை கூடி, இன்று மின்ட் கிரீன் என்று விற்கிற நிறத்துக்கு வந்தது. 1965 வாக்கில் செலுலாயிட்டை விட்டு வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். செலுலாயிட் தீப்பிடிக்கும், சுருங்கும், திருகாணி ஓட்டையில் வெடிக்கும். உங்களுடையது பிவிசியில் அந்த நிறத்தைக் கலந்து செய்ததாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

இதில் முக்கியமான விஷயம், அந்தக் காலத்து அசலிலேயே கவரும் பிக்கார்டும் ஒரே நிறம் கிடையாது. பிக்கார்ட் தகட்டிலிருந்து வெட்டியது, கவரும் நொப்பும் அச்சில் வார்த்த வேறு பிளாஸ்டிக். ஒன்று பச்சைக்குப் போனது, மற்றது வெயிலிலும் வியர்வையிலும் கிரீமுக்குப் போனது. ஆகவே பிக்கார்டுக்குப் பொருத்தமாகக் கவர் தேடி அலைய வேண்டாம். கவர் மூன்று, நொப் மூன்று, சுவிட்ச் நுனி, விப்ரேட்டோ கம்பியின் (சுரத்தை அசைக்கப் பாலத்தில் மாட்டும் கம்பி) நுனி இவை தங்களுக்குள் ஒரே நிறமாக இருந்தால் போதும். இவை எல்லாம் ஒரே பைக்கற்றில் செட்டாக விற்பனைக்கு உண்டு, அதையே எடுங்கள். ஒரு கவரை மட்டும் தனியாக வாங்கினால் பழைய இரண்டுக்கும் பக்கத்தில் பொய்ப்பல் மாதிரித் தெரியும்.

மின்ட் பிக்கார்டுக்கு என் தேர்வு ஏஜ்ட் வைட். பார்ச்மென்ட் கொஞ்சம் சாம்பல் பக்கம் போகும், பச்சைக்குப் பக்கத்தில் அழுக்குப் போலத் தெரியும் என்பது என் அபிப்பிராயம், ஆளுக்கு ஆள் மாறும். கிரீம் என்று விற்பது சிலவேளை மாஜரின் நிறத்தில் வரும், கவனம்.

தெஹிவளை_டோன்:
மச்சான், எதற்கு இவ்வளவு செலவு? கடையில் கிடைக்கிற வெள்ளைச் செட்டை வாங்கிக் கடும் பிளேன்டியில் (பாலில்லாத தேநீர்) இரவு முழுக்க ஊறப் போடு. காலையில் ஏஜ்ட் வைட்.

பேஸ்_அக்கா_பம்பலப்பிட்டி:
பிளேன்டி எல்லாப் பிளாஸ்டிக்கிலும் பிடிக்காது. வார்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வழவழப்பு இருக்கும்வரை சாயம் மேலாலேயே வழிந்து போகும். பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டால் மினுக்கத்தை எடுத்த பிறகு ஊறவைத்தால் கொஞ்சம் பிடிக்கும், அதுவும் ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம். நுனியும் நொப்பும் என்றால் செய்து பார்க்கலாம், மூன்று கவரையும் ஒரே நிறத்தில் எடுப்பது கஷ்டம்.

இன்னொன்று, கவர் பிக்கப்பில் இருக்கும்போது இரும்பு நார் கொண்டு தேய்க்கவே கூடாது. உதிரும் தூள் முழுக்கக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுக்க வழியில்லை.

வாங்க முன் நிறம் பார்ப்பதென்றால், பகலில் சன்னலோரம் கிட்டாரை வைத்துப் பக்கத்தில் ஒரு ஏ4 தாளையும் வைத்துப் படம் எடுங்கள். விற்பவரிடமும் பொருளை வெள்ளைத் தாளின்மேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். தாள் இரண்டு படத்திலும் ஒரேமாதிரித் தெரிந்தால் கவரை ஒப்பிடலாம். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தில் வெள்ளைகூட ஏஜ்ட் வைட்தான்.

ஆறுதந்தி_வெள்ளவத்தை:
நன்றி அண்ணா, அக்கா. துணி போட்டு இழுத்ததில் நொப் இரண்டும் சுகமாக வந்தது. தண்டு 6.35, பல் நுண்ணியது, வெடித்த நொப்பின் ஓட்டை சின்னது, சோல்டர் அண்ணா சொன்னது அச்சொட்டாகச் சரி. பிக்கப் மூன்றும் 52. பிக்கார்ட் இருக்கட்டும், ஏஜ்ட் வைட் செட் ஒன்றுக்குப் படம் கேட்டு எழுதியிருக்கிறேன். கவரைப் பிடிக்கும் திருகாணிகள் கடற்காற்றில் துருவேறிப் போயிருக்கின்றன, அவற்றையும் சேர்த்து எடுக்கவா, இல்லை புறக்கோட்டையில் கிடைக்குமா?

கொட்டாஞ்சேனை_சோல்டர்:
புறக்கோட்டையில் தேடலாம், ஆனால் அமெரிக்க அளவுத் திருகாணி என்றால் அங்குலப் புரி, அங்கே அதிகம் கிடைப்பது மி.மீ. புரி. எது என்று தெரியாமல் போட்டால் பிக்கப்பின் தட்டில் புரி கழன்றுவிடும். பழைய திருகாணி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், கிடைக்காவிட்டால் பார்சலில் சேர்த்துவிடுங்கள். திருகாணியைச் சுற்றி இருக்கும் ரப்பர் குழாயும் இறுகிப் போயிருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள், இரண்டு தரம் பிக்கார்டைக் கழற்றத் தேவையில்லை.