ஹூஸ்டன் போகும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு: பறவை பார்க்க ஒரு பூங்கா

பொங்கல் லீவுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து காட்பாடி வந்திருக்கிறேன். நேற்று விடிகாலையில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கு எங்கள் தெருத் தம்பியும் கூட வந்தார். "அண்ணா, அடுத்த மாசம் ஹூஸ்டன் போறேன். அங்க இப்படி வந்து நிக்க ஏதாவது இடம் இருக்கா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

இருக்கிறது. பிரேசோஸ் பெண்ட் மாநிலப் பூங்கா. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, காரில் ஒரு மணி நேரம். கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். 300 வகைக்கு மேல் பறவைகள். 'ஃபார்ட்டி ஏக்கர் லேக்', 'எல்ம் லேக்' இரண்டையும் சுற்றிக் கரையிலேயே நடக்கலாம். மேடு பள்ளம் இல்லை, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் தாராளமாகக் கூட்டிப்போங்கள்.

முதல் தடவை போனபோது ஒரு பட்ட மரத்தில் பாம்புத்தாரா (பாம்பு போல் நீண்ட கழுத்துள்ள நீர்ப்பறவை) சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சிறுவயதில் ஊரில் பார்த்த அதே உட்காரல். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இனம் வேறு, குடும்பம் ஒன்றுதான். சீழ்க்கைச் சிறகி என்ற வாத்தும் உண்டு, அங்குள்ளதற்கு அலகு சிவப்பு, வயிறு கருப்பு. கரண்டிவாயன் நம்மூரில் வெள்ளை, அங்கே ரோஜா நிறம். போகும் வழியில் மாட்டுக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு நடக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து தானாகவே அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்காவுக்கு வந்து, பிறகு வடக்கே பரவிய பறவை அது.

சனி, ஞாயிறு என்றால் நுழைவுச் சீட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். வாத்துகளுக்குக் குளிர்காலம், வலசை வரும் சின்னப் பறவைகளுக்கு ஏப்ரல். கோடையில் கொசுவும் புழுக்கமும் தாங்காது. முதலைகள் கரையிலேயே படுத்திருக்கும், 30 அடி தள்ளியே நில்லுங்கள். குழந்தையின் கையை விடவே கூடாது. முறுக்கு, பிஸ்கட் எதையும் அவற்றுக்குப் போடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

இன்னொன்று முக்கியம். கீழே கிடக்கும் இறகை எடுக்காதீர்கள். என் மகள் ஒரு கொக்கின் இறகை எடுத்து, மயிலிறகு மாதிரி நோட்டுக்குள் வைக்கப் போனாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மெதுவாக விளக்கினார். ஒரு காலத்தில் பெண்களின் தொப்பிக்காகக் கொக்குகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டிருக்கிறார்கள். 1918இல் வந்த வலசைப் பறவைச் சட்டப்படி அந்த நாட்டுக் காட்டுப் பறவைகளின் இறகைக்கூட வைத்திருக்கக் கூடாது. தானாக உதிர்ந்ததா, கொன்று பிடுங்கியதா என்று இறகைப் பார்த்துச் சொல்ல முடியாதே, அதனால்தான். மகள் இறகை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, நோட்டில் அதை வரைந்துகொண்டாள்.

கிளம்பும் முன் போனில், பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டுப் பதியும் ஈபேர்ட் (eBird) செயலியைப் போட்டு, காவேரிப்பாக்கத்தில் ஒரு பட்டியலாவது பதிந்துவிடுங்கள். அதே கணக்கு அங்கேயும் தொடரும். தம்பி, பைனாகுலர் வாங்க வேண்டாம். என்னுடைய பழைய 8x42 ஹூஸ்டன் வீட்டில் சும்மாதான் இருக்கிறது, வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.