ஆதி குணசேகரனுக்கு முன்பிருந்த மாரிமுத்து

கயல்விழி: பெரியப்பா, ‘எதிர்நீச்சல்’ தொடரின் பழைய பகுதிகளை மகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவள் கேட்கிறாள்.

பெரியப்பா: அவர் நடிப்பதற்காக வந்தவர் அல்லர் அம்மா, இயக்குநராக வேண்டும் என்று வந்தவர். தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரியில் பிறந்து, சென்னைக்கு வந்து உணவகத்தில் வேலை பார்த்து, பிறகு ராஜ்கிரணிடம் ‘அரண்மனைக் கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) ஆகிய படங்களில் உதவி இயக்குநராக இருந்தார். வசந்த், எஸ்.ஜே. சூர்யா ஆகியோரிடமும் பணியாற்றினார். ஆனால் அவரே இயக்கியவை 2008இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014இல் ‘புலிவால்’ என இரண்டு படங்கள்தாம்.

கதிர்: மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ (2011) படத்தில் காவல்துறை அதிகாரியாக வந்த பிறகுதான் நடிகராகக் கவனிக்கப்பட்டார், பெரியப்பா. அதன் பின்னர் காவலர், அரசியல்வாதி, கதாநாயகியின் தந்தை என்று வேடங்கள் வந்துகொண்டே இருந்தன.

செல்வி சித்தி: குணசேகரனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. படித்த மருமகள்களை அடுக்களையில் பூட்டி வைத்துவிட்டு, அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்குக்காக வீட்டையே ஆட்டிப்படைத்த மனிதரை, ‘ஏய், இந்தாம்மா’ என்று அதட்டியதற்காக ஊரே ரசித்ததே!

பெரியப்பா: உன் கோபம் நியாயமானதுதான், செல்வி. இருந்தாலும், திருச்செல்வம் இயக்கிய அந்தத் தொடரில் அவர் வழக்கமான வில்லனைப் போல முறைத்துக்கொண்டும் சூழ்ச்சி செய்துகொண்டும் நிற்கவில்லை. தான் செய்வது குடும்பத்தின் நன்மைக்கே என்று முழுமையாக நம்பும் ஒருவராக, எரிச்சலும் நக்கலும் கலந்த மதுரை வட்டாரப் பேச்சோடு நடித்தார். அப்படிப்பட்டவர்கள் நம் உறவிலேயே இருப்பதால்தான் (பெயர் சொல்ல மாட்டேன், நம் குடும்பத்தின் இந்த அரட்டைக் குழுவிலும் இருக்கிறார்கள்) பலர் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

கயல்விழி: அப்படியானால் அவருடைய சிறந்த நடிப்பு அதுதானா, பெரியப்பா?

பெரியப்பா: என்னைக் கேட்டால், மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் கதாநாயகி ஜோவின் தந்தையாக வந்ததைத்தான் சொல்வேன். ஜோவின் சகோதரி திருமணத்திற்கு வந்த கதாநாயகன் பரியனைத் தம் உறவினர்கள் அடித்து இழிவுபடுத்துவதைத் தடுக்க முடியாமல், ஜோவையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்கள் என்று அவனிடமே அழுது கெஞ்சுகிறாரே, அந்தக் காட்சியைப் பார். சாதியை மீறத் துணிவில்லாத, ஆனால் மனசாட்சி முழுதாகச் செத்துப்போகாத அந்தத் தந்தையையும், எதற்கும் கூசாத குணசேகரனையும் ஒரே முகத்தில் காட்டினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

கதிர்: 2023 ஆகஸ்டில் ‘ஜெயிலர்’ வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை; செப்டம்பர் 8 அன்று ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு இறந்துவிட்டார்.

செல்வி சித்தி: அதற்குப் பிறகு அந்த வேடத்திற்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவரும் நன்றாக நடிப்பவர்தான். ஆனாலும் திட்டுவதற்கு எனக்குப் பழையவர்தான் வேண்டியிருந்தது.

கயல்விழி: மகளிடம் ‘பரியேறும் பெருமாள்’ படத்தைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்கிறாள், சித்தி, நீங்களும் வந்துவிடுங்கள்.