இடைநுரையும் முனைநுரையும்: ‘மிகைநுரை’ வேண்டாம் என்பதற்குச் சில காரணங்கள்

சொல்லாக்கக் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சி, பீப்பாயிலிருந்து ஓஸ், டேப் வழியாகக் கிளாஸில் பிடித்துக் குடிக்கும் தம்பி கேட்டிருந்தது இது:

> கிளாஸில் பாதிக்கு மேல் நுரைதான் விழுகிறது. ஒரு பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கோளாறுக்கு ஒரு சொல் தாருங்கள்.

‘மிகைநுரை’ என்று ஒருவர் சொன்னார், ‘நுரைப்பொங்கல்’ என்று இன்னொருவர். இரண்டாவதைப் படித்ததும் எனக்குப் பசித்தது. அதோடு அதை விட்டுவிடலாம். ‘மிகைநுரை’யில்தான் ஆபத்து இருக்கிறது. காதுக்கு நன்றாக இருப்பதால் அப்படியே நிலைத்துவிடும்.

நம் ஊரில் வீட்டில் பீர் காய்ச்ச 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் விடாது. ஆனால் இதே கோளாறை வேலூரில் சோடா மெஷின் வைத்திருக்கும் எந்தக் கடையிலும் பார்க்கலாம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குத் தெரிந்த கடை ஒன்று உண்டு. சிலிண்டரும் கூலரும் உள்ளே நிழலில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் வெள்ளை ஓஸ் வெளியே வெயில் படும் மேஜை மேல் வளைந்து டேப்புக்குப் போகிறது. மே மாத மத்தியானத்தில் அந்த ஓஸைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். டேப் மூடியே இருக்கும். உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி, மேடான இடத்தில் சேர்ந்து விரல் நீளத்துக்குக் காற்றாக நிற்கும். டேப்பைத் திறந்ததும் முதலில் அந்தக் காற்று சீறும், பிறகு நுரை, அப்புறம்தான் சோடா. கேட்டால், “மொதக் கிளாஸ் எப்பவுமே நொரைதான் சார், இன்னா பண்றது” என்று கீழே ஊற்றிவிட்டு அடுத்ததைப் பிடிப்பார் கடைக்காரர்.

அந்த நுரை கிளாஸில் உண்டானதல்ல, வரும் வழியிலேயே உண்டானது. ‘மிகைநுரை’ என்ற சொல் நம் கண்ணைக் கிளாஸின் மேலேயே நிறுத்திவிடுகிறது. நுரை அதிகம் என்றால் அழுத்தம் அதிகம் என்று நினைத்து உடனே கை ரெகுலேட்டருக்குத்தான் போகும், அழுத்தத்தைக் குறைப்பார்கள். அங்கேதான் வம்பு. வில்லியம் ஹென்றி 1803இல் சொன்ன விதிப்படி, திரவத்தில் எவ்வளவு வாயு கரைந்து நிற்கும் என்பதை மேலே உள்ள அழுத்தம்தான் பிடித்து வைக்கிறது. அழுத்தத்தைக் குறைத்தால், கரைந்திருந்த வாயு ஓஸுக்குள்ளேயே பிரியத் தொடங்கும். சூடும் அப்படித்தான். சாதாரணக் காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைத் தாங்கும். 20 டிகிரியில் 0.9 லிட்டர்கூடத் தாங்காது. நம் அக்னி நட்சத்திர வெயிலில் அந்த ஓஸ் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நம் வாயில் ஏன் சொல் இல்லை என்று யோசித்தேன். சோடாவோடு நமக்கு வந்த பேச்செல்லாம் பாட்டிலைச் சேர்ந்தது: ‘கேஸ் நிக்கல’, ‘பொங்கிடுச்சு’. ஹிராம் காட் 1872இல் காப்புரிமை வாங்கிய கோலி பாட்டிலில் ஓஸ் ஏது, டேப் ஏது? நிரப்புவதும் திறப்பதும் ஒரே வாய்.

முதலில் நான் முன்வைத்தது ‘குழாய்நுரை’. ஆம்பூரிலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஐயா மறுத்தார்:

> எங்கள் வீட்டில் ‘குழாயை மூடு’ என்றால் டேப்பைத்தான் மூடுவார்கள். ஓஸா, டேப்பா என்பதுதானே இங்கே கேள்வி?

சரியான அடி. அடுத்து ‘வழிநுரை’ என்றேன். அதற்கும் அவரே:

> வினைத்தொகையாகப் படித்தால் வழிகின்ற நுரை. மறுபடி கிளாஸுக்கே வந்துவிட்டீர்கள்.

அதனால் இப்போது ‘இடைநுரை’. பீப்பாய்க்கும் டேப்புக்கும் இடையில் வாயு பிரிந்து உண்டாவது. இதற்கு இணையாக டேப்பின் முனையில் மட்டும் உண்டாவதற்கு ‘முனைநுரை’. (‘வாய்நுரை’ என்று எழுதிப் பார்த்தேன், பாம்புக்கடி ஞாபகம் வருகிறது.) ஓஸ் முழுக்கத் தெளிவாக இருந்து, டேப்பைத் தாண்டும்போது மட்டும் சீறினால் அது முனைநுரை. அழுத்தம் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்காமல் கடைசியில் ஒரேயடியாக விழுகிறது என்று அர்த்தம். ஓஸ் குட்டையாகவோ துளை பெரிதாகவோ இருந்தால் இப்படி ஆகும். பீர் பீப்பாய் 3, 4 டிகிரிக் குளிரில் 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவில் இருந்தால், சுமார் 5 மில்லிமீட்டர் துளையுள்ள ஓஸ் அடிக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ வரை தின்றுவிடும். அந்த 12 பிஎஸ்ஐயும் வழியிலேயே தீர 4 முதல் 6 அடி வேண்டும்; வீட்டில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தாராளமாக 6 முதல் 10 அடி வரை போடுகிறார்கள். சோடாவில் வாயு இன்னும் அதிகம், 30 பிஎஸ்ஐ பக்கம் போகும். ஓஸும் அதற்கேற்ப நீளும். இந்தக் கணக்குப்படி வேண்டிய நீளத்தைத் ‘தடைநீளம்’ எனலாமா? இதற்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை.

உப்பு லெமன் சோடாவில் உப்பைப் போட்டதும் குபுகுபுவென்று எழுகிறதே, அது மட்டும் உண்மையிலேயே கிளாஸில் பிறக்கும் நுரை. கல் உப்பின் சொரசொரப்பில் குமிழுக்கு இடம் கிடைக்கிறது. சரியாகக் கழுவாத கிளாஸிலும் இதே கதை. ‘மிகைநுரை’யை வேண்டுமானால் இதற்குக் கொடுத்துவிடலாம்.

தம்பிக்கு: கையேட்டில் இந்த வாக்கியத்தைப் போட்டுப் பாருங்கள், தமிழில் நிற்கிறதா என்று சொல்லுங்கள்:

“ஓஸில் இடைநுரை தெரிந்தால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டாம், முதலில் ஓஸையும் டேப்பையும் குளிர வையுங்கள். ஓஸ் தெளிவாக இருந்து முனைநுரை மட்டும் வந்தால், தடைநீளம் போதுமா என்று பாருங்கள்.”

காட்பாடியிலிருந்து,
உங்கள் குழும நண்பர்