நாயை வண்டியில் ஏற்றிப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மழைத்துளி:

நாலு வருடம் ஆகிறது. சைக்கிளில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது இன்னும் கண்ணில் வந்து போகிறது, அதனால் எழுதுகிறேன். அஞ்சு கிலோ நாய், முன் கூடை, எல்லாரும் செய்வதுதான். கழுத்துப்பட்டையில் கொக்கியை மாட்டி, கயிற்றின் மறுமுனையைக் கூடைக் கம்பியில் கட்டியிருந்தேன். உள்ளே சுற்றிப் படுக்க வசதியாக இருக்கட்டும் என்று கயிற்றைக் கொஞ்சம் நீளமாகவே விட்டிருந்தேன். குறுக்கே ஒரு பூனை ஓடியது. என் நாய் தாவிவிட்டாள்.

கீழே விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கயிறு தரை வரை எட்டவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கழுத்தில் தொங்கினாள். பின்னங்கால் நகம் ஸ்போக்ஸில் உரசி டர்ரென்று ஒரு சத்தம். சைக்கிளைக் கீழே போட முடியாது, போட்டால் அவள் மேல்தான் விழும். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொக்கியைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. அவள் எடை முழுக்க அதில் தொங்கும்போது அது திறக்காது. முழங்காலில் அவளைத் தாங்கி, பாரம் குறைந்த பிறகுதான் கழன்றது. பத்து நொடிகூட இருக்காது.

இரண்டு நாள் இருமினாள். மூச்சுக்குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். இப்போது கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்தான், முதுகுப் பக்க வளையத்தில் கயிறு. உட்காரலாம், படுக்கலாம், ஆனால் முன்னங்கால் கூடை விளிம்பைத் தாண்டாது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மேட்டுநிலம்:

என்னிடம் இருப்பது குவாட், மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக். 24 கிலோ நாய், பின் கேரியர் மேல் நின்றபடி வருவான். மூன்று வருடம் ஒன்றும் ஆனதில்லை. கேரியர் கம்பியில் அவன் நகம் கீறுகிற சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்கும், அதை வைத்துத்தான் அவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் ஈரமான சரிவில் குறுக்காகப் போகும்போது அந்தச் சத்தம் நின்றுபோனது.

திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. பார்த்தேன். இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்தான். அப்புறம் எழுந்து, நொண்டிக்கொண்டே ஓடி வந்து, மறுபடி கேரியர் மேல் தாவப் பார்த்தான். அந்தத் தாவலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். ஆனால் கட்டுவதில்லை. மழைத்துளி எழுதியதைப் படித்த பிறகு இன்னும் உறுதியாகச் சொல்வேன், குவாட் உருண்டால் கட்டிவைத்த நாய்க்குத் தப்ப வழியே இல்லை.

பழைய மெக்கானிக்:

நான் பார்த்தது சின்ன விஷயம். தெரிந்தவர் ஒருவரின் நாய் குவாட்டிலிருந்து இறங்கும்போது சைலன்சரில் தொடை பட்டது. முடி பொசுங்கிய அந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் மேட்டுநிலம் சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், விரிப்பு மட்டும் போதாது.

குவாட்டை நிலையாக வைத்திருப்பது ஓட்டுபவரின் உடம்புதான். மேடு ஏறும்போது முன்னால் சாய்கிறோம், சரிவில் குறுக்கே போனால் மேட்டுப் பக்கம் சாய்கிறோம். அதே நேரத்தில் பின்னால், உயரத்தில், 24 கிலோ தன் இஷ்டத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தால்? ஏற்றத்தில் பின் கேரியரில் பாரம் கூடினால் முன்சக்கரம் தூக்கும். பெரும்பாலான குவாட்கள் ஒருவர் மட்டும் போகச் செய்தவை. பின் கேரியர் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும். அதில் நாயையும் நீங்கள் வைக்கும் மற்ற சாமானையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குப் பதிலாகப் பெட்டி வையுங்கள். நாலு பக்கமும் சுவர், நல்ல காற்றோட்டம், வழுக்காத அடித்தளம், கேரியரோடு அசையாமல் இறுக்கியது. உள்ளே படுத்துக்கொண்டால் அதன் எடையும் தாழ்ந்து நிற்கும். சைலன்சர் பக்கம் ஒரு தகடு அடியுங்கள். சரிவில் குறுக்காகப் போக வேண்டி வந்தால் நாயை இறக்கி விடுங்கள்.

இன்னொன்று, மூடிய பெட்டியில் வெயில். சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் மூடிய ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதத்தில்தான். மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். அதன் சாதாரண உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் இரண்டு டிகிரி ஏறினாலே ஆபத்து, தட்டை மூக்கு இனமென்றால் இன்னும் சீக்கிரம் ஏறும். இரைப்பு அடங்காமல் எச்சில் கெட்டியாக ஒழுகினால் அங்கேயே நிறுத்துங்கள். நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், காற்று, உடனே டாக்டர்.

மேட்டுநிலம்:

பெட்டி சரி, செய்து பார்க்கிறேன். ஆனால் சரிவில் இறக்கி விடச் சொல்கிறீர்கள். இவன் குவாட்டுக்கு முன்னால் ஓடுகிறவன். பின்னால் நிற்கிற நாயைவிட முன்சக்கரத்துக்கு எதிரே ஓடுகிற நாய் பத்திரமா? அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தனிவழி:

ட்ரெய்லர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் நாய்க்கு வயதாகிவிட்டது, இடுப்பு முடியாது, 30 கிலோ. முதலில் சைக்கிளில் மாட்டாமல் வீட்டுக்குள் அவள் படுக்கையை அதில் விரித்து வைத்தேன். தானாக ஏறிப் படுக்கவே மூன்று வாரம். பிறகு கையால் தள்ளி நாலு நாள். அதற்கப்புறம்தான் மிதித்தேன். எல்லாம் பொறுமையாகச் செய்தோம்.

ஒரு திருப்பத்தில் ட்ரெய்லரின் உள்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறிவிட்டது. சைக்கிள் நேராகத்தான் நின்றது, ட்ரெய்லர் மட்டும் கவிழ்ந்தது. இணைப்பு சுழலும்படி இருப்பதால் அப்படி. வலை ஜன்னல் வழியாக அவள் கண் மட்டும் தெரிந்தது. குரைக்கவில்லை, முனகவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கப் பட்டையை ஹார்னஸில் குட்டையாக மாட்டியிருந்தேன், அதனால் வலைமேல் போய் மோதவில்லை. ட்ரெய்லர் சைக்கிளைவிட அகலம் என்பதைத் திருப்பத்தில் மறந்துவிட்டேன்.

சாரல்:

எங்கள் வீட்டு நாயைக் கூடவே ஓட வைத்தோம், கயிற்றை ஹேண்டில்பாரில் சுற்றிக்கொண்டு. ஒரு அணிலுக்கு அது திரும்பியதும் முன்சக்கரம் கூடவே திரும்பியது, நான் பறந்தேன். கட்டினால் சீட்டுக்குக் கீழே, பின்பக்கமாக, ஸ்பிரிங் வைத்த கம்பியில் கட்டுங்கள். அதுவும் வளர்ந்து முடிந்த நாய்க்குத்தான், குட்டிக்கு எலும்பு இன்னும் கெட்டிப்படாது.

மழைத்துளி, குதிரைகளுக்கு மாட்டும் கொக்கியில் ஒரு வகை உண்டு. அதன் உறையை இழுத்தால் பாரம் தொங்கும்போதும் திறந்துவிடும்.

மழைத்துளி:

நன்றி சாரல். அதை ஒரு கையால் திறக்க வருமா? அன்றைக்கு எனக்கு ஒரு கைதான் இருந்தது.