ஏழாம் வகுப்பில் பையன்களும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்ய என்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரை டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொள்ளிடக் கரையோரம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. 19 பையன்கள், 15 பெண் பிள்ளைகள். நான்காம் வகுப்பில் ஒன்றாக நொண்டி ஆடிய அதே பிள்ளைகள் இப்போது நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ரப்பர் வேண்டும் என்றால்கூட என் மூலமாகத்தான் கேட்கிறார்கள்.

வானவில் மன்றம் என்ற அரசின் அறிவியல் செய்முறைத் திட்டத்தின் கருத்தாளர் சோதனைப் பொருட்களோடு வரும் நாளில்தான் இது என்னை மிகவும் உறுத்துகிறது. குழுவைக் கலந்து போட்டால், பையன்கள் பொருளைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் நோட்டை விரித்து எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். யாரும் அப்படிச் சொல்வதில்லை, தானாக நடக்கிறது. போன முறை பல்பு எரியாமல் ஒரு குழு திணறியது. ஒயரை எங்கே மாட்ட வேண்டும் என்று அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தெரியும். சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். ஒருவனும் காதில் வாங்கவில்லை. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

அப்புறம் இந்தக் கேலி. ஒரு பையன் பக்கத்து வரிசைப் பெண்ணிடம் காம்பஸ் கடன் வாங்கினான். சத்துணவு மணி அடிப்பதற்குள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சுவரில் கரித்துண்டால் எழுதிவிட்டார்கள். அந்தப் பெண் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

குழுச் செயல்பாடு என்று இணையத்தில் தேடினால், கைகளைப் பின்னிக்கொண்டு சிக்கல் அவிழ்ப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்வது என்றுதான் வருகிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கே கூச்சம், எங்கள் ஊர்ப் பெற்றோரைக் கேட்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை எனக்குக் கிடைக்கும். பெரிய மைதானம் இருக்கிறது, பணம் இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):

டீச்சர், முதலில் ஒன்று. பையன்கள் அணி, பெண்கள் அணி என்று பிரித்து எதையும் நடத்தாதீர்கள். வினாடி வினாவாக இருந்தாலும் சரி, கயிறு இழுக்கும் போட்டியாக இருந்தாலும் சரி. ஜெயித்தவர்கள் கத்துவார்கள், தோற்றவர்கள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

தொடக்கத்துக்கு இதை வையுங்கள். பள்ளியில் டென்னிகாய்ட் ரப்பர் வளையம் இருக்குமே, அதில் ஆறு கயிறுகளைச் சுற்றிலும் கட்டுங்கள். கயிறு ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர். வளையத்தின் மேல் ஒரு பந்தை வைத்து, ஆறு பேர் ஆளுக்கொரு கயிற்று நுனியைப் பிடித்து, மைதானத்தின் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் வேகமாக இழுத்தால் பந்து விழும், ஒருவர் தொய்யவிட்டாலும் விழும். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. ஆனால் பேசாமல் முடியவே முடியாது. "நீ கொஞ்சம் இறக்கு", "இரு, நான் வருகிறேன்" என்று பத்து நிமிடத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கேலி செய்ய அவர்களுக்கு நேரம் இருக்காது.

இது பழகியதும் கோர்ஃப்பால் சொல்லிக்கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு, நம் பள்ளிகளில் அதிகம் பேருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம். 1902இல் ஆம்ஸ்டர்டாமில் நிகோ புரூக்ஹவுசன் என்ற பள்ளி ஆசிரியர், பையன்களும் பெண்களும் ஒன்றாக ஆட வேண்டும் என்பதற்காகவே உருவாக்கியது. அணிக்கு 8 பேர்: நான்கு ஆண், நான்கு பெண். கம்பத்தின் மேல் கூடை, அதில் பந்தைப் போட வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, தட்டிக்கொண்டும் போகக்கூடாது. நின்று இன்னொருவருக்குப் போட வேண்டும். பையனைப் பையன்தான் மறிக்கலாம், பெண்ணைப் பெண்தான் மறிக்கலாம். மறிப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் முன்னால் வந்து நின்றுவிட்டால் கூடைக்குப் பந்தை எறியக்கூடாது. இந்த விதிதான் உயிர். உயரமான பையன் ஒருவனே ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தடையில்லாமல் நிற்கும் ஆள் யார் என்று தேட வேண்டும், பாதி நேரம் அது ஒரு பெண்ணாக இருக்கும். களம் இரண்டு பாதி. நான்கு பேர் தாக்குவார்கள், நான்கு பேர் காப்பார்கள். இரண்டு கோல் விழுந்ததும் வேலை மாறிவிடும். ஆக, எல்லாரும் எல்லாம் செய்தாக வேண்டும்.

பயிற்சி நிறுவன விரிவுரையாளர்:

மாஸ்டர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க நினைப்பது வகுப்பறைக்குள் நடக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை ஒன்றாக ஆடிவிட்டுத் திங்கட்கிழமை பழையபடி இரண்டு பக்கமாக உட்கார்ந்தால் பலன் நிற்காது.

1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் ஒரு கோடை முகாமில் 11, 12 வயதுப் பையன்களை இரண்டு குழுவாக்கிப் போட்டிகள் வைத்தார். கொடியை எரிப்பது, குடிலில் புகுந்து பொருளைக் கலைப்பது வரை பகை போய்விட்டது. பிறகு இரண்டு குழுவையும் ஒன்றாகச் சாப்பிடவும் படம் பார்க்கவும் வைத்தார். பலிக்கவில்லை, சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். பலித்தது வேறு: முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோனபோது சேர்ந்து குழாயைத் தேடியது, கிளம்பாத சரக்கு வண்டியைக் கயிறு கட்டி எல்லோருமாக இழுத்தது. அது பையன்கள் மட்டும் இருந்த முகாம், நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும் என்று நினைக்கிற எல்லோரிடமும் நான் இதைச் சொல்வேன். ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாத வேலை வேண்டும்.

அதைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவர வழி இருக்கிறது. 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது எழுந்த சண்டைக்காக எலியட் ஆரன்சன் வகுத்த முறை அது. பாடத்தைத் துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு தருவது. உங்கள் ஏழாம் வகுப்பில் தாவரங்களின் மாற்றுருக்கள், அதாவது வேறு வேலைக்காக உருமாறிய வேர், தண்டு, இலை பற்றிய பாடம் வருகிறதல்லவா? ஒரு பிள்ளைக்குக் கேரட்டும் வேர் மாற்றுரு பற்றிய சீட்டும். இன்னொரு பிள்ளைக்கு இஞ்சியும் தண்டு மாற்றுருவும். மூன்றாவது பிள்ளைக்குச் சப்பாத்திக்கள்ளியின் முள்ளும் இலை மாற்றுருவும். இஞ்சி கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் ஓரிடத்தில் கூடிப் பேசித் தெளிந்து, தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். பிறகு நீங்கள் ஓர் உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் வைத்து "இதில் எது வேர், எது தண்டு?" என்று கேளுங்கள். வேர்ச் சீட்டு வைத்திருக்கும் பெண் வாய் திறக்காமல் அந்தக் குழுவால் பதில் சொல்ல முடியாது. உங்கள் பல்பு சோதனைக்கும் இதையே செய்யலாம்: ஒயரைத் தொடுபவர், படத்தைப் பார்த்து வழி சொல்பவர், எழுதுபவர் என்று மூன்று அட்டை, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அட்டை கை மாற வேண்டும்.

பொறுமை வேண்டும் டீச்சர். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் 150 பள்ளிகளில், ஏழு, எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளோடு ஆண் பெண் சமத்துவம் பற்றிய வகுப்புகளைத் தொடங்கினார்கள். பையன்களின் எண்ணம் மாறியதும், வீட்டு வேலையில் அவர்கள் கூடுதலாகக் கைகொடுத்ததும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அந்த வகுப்புகள் நடந்தது இரண்டரை ஆண்டுகள்.

இன்னொரு வேண்டுகோள். "பேசினால் பெண் பிள்ளைகள் நடுவில் உட்கார வைப்பேன்" என்று பையன்களை மிரட்டும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் பள்ளியில் எந்த ஆசிரியர் சொன்னாலும் தனியாக எடுத்துச் சொல்லி நிறுத்தப் பாருங்கள். பெண்ணின் பக்கத்தில் உட்காருவது தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, சேர்ந்து வேலை செய் என்றால் பிள்ளை எதை நம்பும்?

மேலாண்மைக் குழு அம்மா:

நான் டீச்சர் இல்லை. என் மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஒரு தாயாகச் சொல்கிறேன்.

பெண் பிள்ளை மைதானத்துக்கு வர மறுத்தால் கூச்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தாவணியோ துப்பட்டாவோ நழுவும் என்ற பயம் இருக்கும். மாதவிலக்கு நாளாக இருக்கும். கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் இருக்கும். அன்றைக்கு நேரம் பார்க்கிற வேலையையோ புள்ளி எழுதுகிற வேலையையோ கொடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம். ஆனால் அந்த வேலையைப் பையன்களும் முறை வைத்துச் செய்யட்டும். இல்லையென்றால் அதுவும் பெண்கள் வேலை ஆகிவிடும்.

பெருக்குவதும் கோலம் போடுவதும் பெண் பிள்ளைகள், பெஞ்சு தூக்குவது பையன்கள் என்று வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எங்கள் பள்ளியில் காய்கறித் தோட்டத்துக்கு இரண்டு பையன், இரண்டு பெண் என்று பாத்தி பிரித்துக் கொடுத்தோம். யார் பாத்தி காய்ந்தாலும் நாலு பேரும் பொறுப்பு. கத்தரிச் செடியில் பூச்சி விழுந்தபோது வேப்பங்கொட்டை இடிக்க ஒரு பையன் தன் வீட்டு உரலுக்கே கூட்டாளிகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, மோர் கொடுத்து அனுப்பினார்.

பெற்றோரை முன்னாடியே கூப்பிட்டு விடுங்கள். அந்த வளைய விளையாட்டை அவர்களையே ஆட வையுங்கள். சுவரில் பெயர் எழுதிய விஷயத்தை மட்டும் விளையாட்டாக விடாதீர்கள் டீச்சர். அந்தப் பெண் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இந்த மாதிரி ஒரு பேச்சுக்குப் பயந்துதான் நிறைய வீடுகளில் படிப்பை நிறுத்துகிறார்கள்.

கொள்ளிடக்கரை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் சொன்னபடி இன்று மாலையே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறேன். திங்கட்கிழமை கேரட்டும் இஞ்சியும் சத்துணவு அக்காவிடம் சொல்லி வைத்தாயிற்று. மூன்று அட்டை முறையைக் கருத்தாளரிடமும் பேசுகிறேன்.

மாஸ்டர், எனக்கு 19 பையன், 15 பெண். கோர்ஃப்பாலுக்கு எப்படிப் பிரிப்பது? கூடைக்கு என்ன செய்வது?

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):

ஒரு ஆட்டத்துக்கு 8 பையன், 8 பெண் போதும் டீச்சர். மீதி 11 பையனும் 7 பெண்ணும் கோட்டுக்கு வெளியே. இரண்டு பேர் புள்ளி, ஒருவர் விசில், மற்றவர்கள் பந்து எடுத்துப் போட. 10 நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே வெளியே மாற்றுங்கள். பெண்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் சிலருக்கு இரண்டு முறை வரும், அதற்கு ஆர்வமாக இருப்பவர்களைக் கேட்டுப் போடுங்கள்.

கூடைக்கு அடி உடைந்த பிளாஸ்டிக் வாளி போதும், அடிப்பாகத்தை முழுசாக வெட்டிவிடுங்கள். மூங்கில் கம்பத்தில் கட்டுங்கள். பெரியவர்களுக்கு மூன்றரை மீட்டர் உயரம். நீங்கள் இரண்டரையில் ஆரம்பியுங்கள். கம்பத்தைக் களத்தின் ஓரத்தில் நடாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நடுங்கள், பின்னாலிருந்தும் எறியலாம். வெட்டிய விளிம்பில் கை கிழிக்காமல் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிவிடுங்கள்.