முகத்தில் அடங்காத சிவந்த கொப்புளங்கள்: டெமோடெக்ஸ் உண்ணி காரணமா?

கேள்வி:
என் அக்காவுக்கு வயது 38. சில மாதங்களாகக் கன்னங்களிலும் மூக்கைச் சுற்றியும் சிவந்த சிறு கொப்புளங்கள் வருகின்றன. தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கிறது, அரிப்பும் உண்டு. கரும்புள்ளிகள் இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பெட்டாமெத்தசோன் களிம்பைப் பூசினால் இரண்டே நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகக் கிளம்புகிறது. டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணியாக இருக்கலாம் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில் 1:
தோல் மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் என் கவலை அந்தக் களிம்பைப் பற்றியதுதான். அதிலுள்ள ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிட்டு, அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து, உண்ணி பெருக வழிவிடுகிறது. நிறுத்தியபின் சில வாரங்கள் முகம் எரிந்து சிவக்கக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

வளர்ந்தவர்களில் பெரும்பாலோரின் மயிர்க்கால்களில் இந்த உண்ணி எத்தொல்லையும் தராமல் வாழ்கிறது; ஆகவே ஒன்றிரண்டு தென்பட்டதை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி சயனோஅக்ரிலேட் பசையிட்டுக் கன்னத்தில் சுமார் ஒரு நிமிடம் அழுத்தி எடுத்தால், மயிர்க்கால்களில் உள்ளவை பசையோடு ஒட்டி வந்துவிடும். நுண்ணோக்கியில் எண்ணும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5-க்கு மேல் இருந்தால் அதைப் பொருட்படுத்துவோம். ஸ்டீராய்டு பூசிய முகத்தில் படர்தாமரையும் உருமாறி இதே தோற்றத்தில் வரும் என்பதால், தோலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இட்டுப் பூஞ்சையும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

உறுதியானால் 1% ஐவர்மெக்டின் களிம்பை நாளுக்கு ஒருமுறை பூசச் சொல்வோம். உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியே இரண்டு வாரத்துக்கு மேல் நீள்வதால், முகம் தெளிந்துவிட்டது என்று பாதியில் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் மூன்று மாதம் வரை தொடர வேண்டியிருக்கும்.

பதில் 2:
அக்காவின் கண்ணிமைகளையும் கவனியுங்கள். எனக்குக் கன்னத்தைவிட இமைதான் அதிகம் அரித்தது. இமைமுடியின் அடியில் குழாய் வடிவில் பொடுகு ஒட்டியிருந்ததைப் பார்த்தே கண் மருத்துவர் டெமோடெக்ஸ் என்றார். தேயிலைமர எண்ணெயை நேரடியாக இமையில் தடவ வேண்டாம், கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தொற்றிவிடுமா?

பதில் 1:
இது சிரங்கு போலப் பரவும் நோய் அன்று, குழந்தையைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கா பாலூட்டுகிறார் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், மருந்துத் தேர்வு மாறக்கூடும். பரிசோதனை நாளில் முகத்தில் எதுவும் பூசாமல், அந்தக் களிம்பின் ட்யூபையும் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.